பெயரிட்டால் கண்ணீர், பெயரிடாவிட்டால் சிரிப்பு: தொலைக்காட்சி நகைச்சுவையில் ஆட்டிசச் சாயல் கொண்ட பாத்திரங்கள்

(கொல்கத்தா, சால்ட் லேக்கில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1. பொருளும் எல்லையும்

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் ஒரு வகைப் பாத்திரம் திரும்பத் திரும்ப வருகிறது. அது சொன்னதைச் சொன்னபடியே பொருள் கொள்ளும். கேலியைக் கேலி என்று பிடிக்காது. உட்காரும் இடம், சாப்பிடும் நேரம், கதவைத் தட்டும் முறை என எல்லாவற்றுக்கும் ஒரு விதி வைத்திருக்கும். பிடித்த விஷயத்தைப் பேசத் தொடங்கினால் எதிரில் இருப்பவரின் கொட்டாவி அதன் கண்ணில் படாது. பார்ப்பவர்கள் ‘இவருக்கு ஆட்டிசம் இருக்கும்போல’ என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். தொடர் மட்டும் அந்தச் சொல்லை உச்சரிப்பதில்லை. சாயலைக் காட்டிப் பெயரைத் தவிர்க்கும் இத்தகைய பாத்திரங்களே இங்கு முதன்மையான பொருள். பெயர் சொல்லியே காட்டப்படும் பாத்திரங்கள் ஒப்பீட்டுக்காக இடம்பெறுகின்றன.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் இளம்பருவத்திலேயே அமைந்துவிடும் வேறுபாடு. அமெரிக்காவில் லியோ கேனர் 1943இலும், வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இலும் அதைத் தனித்தனியே விவரித்தார்கள். ஆஸ்பெர்கர் கண்ட வகைக்கு 1981இல் லோர்னா விங் அவர் பெயரையே வழங்கினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இந்தப் பிரிவுகள் அனைத்தும் ‘ஆட்டிச நிறமாலை’ என்ற ஒரே தலைப்பின்கீழ் வந்தன. பிறருடன் கருத்தையும் உணர்வையும் பரிமாறுவதில் உள்ள வேறுபாடு ஒரு கூறு. ஒரே செயலையோ ஆர்வத்தையோ விடாமல் பற்றியிருப்பதும், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதும் மற்றொரு கூறு. வாய்பேசாமல் வாழ்நாள் முழுதும் துணை தேவைப்படுபவரும் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துபவரும் இந்த ஒரே நிறமாலைக்குள் இருக்கிறார்கள்.

எழுதப்பட்ட பாத்திரத்துக்கு மருத்துவ முடிவு சொல்ல முடியாது. அதற்கு மூளையும் இல்லை, குழந்தைப்பருவமும் இல்லை, வசனம் மட்டுமே உண்டு. ஆகவே ‘இவருக்கு ஆட்டிசம் உண்டா?’ என்ற கேள்வி பயன் தராது. இந்தப் பாத்திரத்தைப் பார்த்தவர், நாளை அலுவலகத்திலோ வகுப்பறையிலோ ஆட்டிசம் உள்ள ஒருவரைச் சந்திக்கும்போது எதை எதிர்பார்ப்பார் என்பதே கேட்கத் தகுந்த கேள்வி.

2. சிரிப்பு உண்டாகும் விதம்

இந்தப் பாத்திரத்தை நகைச்சுவை விரும்புவதற்கான காரணம் தொடரின் வடிவத்திலேயே இருக்கிறது. அரை மணி நேரத் தொடரில் ஒரு சிக்கல் எழுந்து தீர வேண்டும். அடுத்த வாரம் எல்லோரும் பழைய இடத்தில் பழையபடியே இருக்க வேண்டும். மாறாத குணமுள்ளவர்கள் அதற்குத் தேவை. கஞ்சன், தற்பெருமைக்காரன், சந்தேகப்பேர்வழி ஆகியோர் நாடக மேடையிலிருந்து தொலைக்காட்சிக்கு வந்தது இதனால்தான். வழக்கம் சற்றுப் பிசகினாலும் தவித்துப்போகும் மனிதர் அந்த வரிசையில் எளிதாகச் சேர்ந்துகொண்டார்.

அவரைக் கொண்டு சிரிப்பு மூட்டும் வழிகள் நான்கு. முதலாவது, நேர்ப்பொருள்: மரியாதைக்குக் கேட்ட கேள்விக்கு முழு விடை கிடைக்கிறது. இரண்டாவது, விதி: எவரும் பின்பற்றாத ஒழுங்கை அவர் ஒருவர் மட்டும் பின்பற்ற, வீடே அதைச் சுற்றி வளைய வேண்டியிருக்கிறது. மூன்றாவது, உண்மை: எல்லோரும் மூடி வைத்ததை அவர் சபையில் போட்டு உடைக்கிறார். நான்காவது, தனிப்பேச்சு: ரயில், கொடி, இயந்திரம் என ஏதாவது ஒன்றைப் பற்றிய பேச்சு நிற்காமல் ஓடுகிறது. நான்குமே ஆட்டிசத்தின் மருத்துவ விவரிப்பில் இடம்பெறும் கூறுகள். நான்குமே மருத்துவம் அவற்றைத் தொகுப்பதற்கு முன்பிருந்தே நகைச்சுவையின் கைச்சரக்கு.

கொல்கத்தாவின் சிறுவர் இலக்கியமே இதற்குச் சான்று. சுகுமார் ராய் ‘சந்தேஷ்’ இதழில் எழுதிய பாக்லா தாஷு கதைகள், அவர் மறைந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின் 1940இல் நூலாக வெளிவந்தன. பள்ளியில் எல்லோரும் தாஷுவைப் பைத்தியம் என்கிறார்கள். அவனோ ஆசிரியரையும் சகமாணவர்களையும் தலைகீழாகக் கவிழ்த்துவிடுகிறான். அவன் உண்மையிலேயே அப்படியா, வேண்டுமென்றே குறும்பு செய்கிறானா என்று கதை சொல்லும் மாணவனுக்கே தெளிவில்லை. தாஷுவை ஆட்டிசக் கணக்கில் சேர்ப்பது தவறு. ஆனால் வகுப்புக்குப் பொருந்தாத ஒருவனை வைத்து வகுப்பையே சிரிப்புக்கு இலக்காக்கலாம் என்பதை வங்காள வாசகர்கள் தொலைக்காட்சிக்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள்.

3. ஷெல்டன் கூப்பர்

பெயரிடப்படாத வகையின் உலகறிந்த எடுத்துக்காட்டு ‘தி பிக் பேங் தியரி’. சக் லோரியும் பில் பிராடியும் உருவாக்கிய இந்தத் தொடர் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2007 செப்டம்பர் முதல் 2019 மே வரை, 12 பருவங்களில் 279 அத்தியாயங்களாக ஒளிபரப்பானது. இயற்பியலாளர் ஷெல்டன் கூப்பராக நடித்த ஜிம் பார்சன்ஸ் எம்மி விருதை நான்கு முறை பெற்றார்.

ஷெல்டனுக்குச் சோபாவில் ஒரே இடம்தான். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உணவு. பக்கத்து வீட்டுப் பென்னியின் கதவை மூன்று முறை தட்டி மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். அறைத் தோழன் லெனர்டுடன் எழுத்துபூர்வ ஒப்பந்தம் உண்டு. ரயில்களிலும் கொடிகளிலும் தீராத ஆர்வம். கிண்டல் புரியாத அவருக்கு, இது கிண்டல் என்று அட்டையில் எழுதி லெனர்ட் தூக்கிக் காட்டும் காட்சியும் உண்டு. பார்வையாளர்கள் ஆட்டிசத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கியதும், பாத்திரம் அந்த எண்ணத்தில் எழுதப்பட்டதன்று என்று படைப்பாளர்கள் விடை சொன்னார்கள். பார்சன்ஸ் எழுத்தாளர்களைக் கேட்டபோதும் இல்லை என்றே பதில் வந்தது. தொடருக்குள் ஷெல்டனே இதற்கு ஒரு பதிலை வைத்திருக்கிறார்: தனக்குப் பைத்தியம் இல்லை, சிறுவயதில் அம்மா பரிசோதனைக்கு அழைத்துச்சென்று பார்த்துவிட்டாள் என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாதம்.

பெயரிடாததால் எழுத்தாளர்களுக்கு இரண்டு சுமைகள் குறைந்தன. முதலாவது துல்லியத்தின் சுமை. பெயர் சொன்னால் மருத்துவர்களும் பெற்றோரும் ஆட்டிசம் உள்ளவர்களும் ஒவ்வொரு காட்சியையும் உரசிப் பார்ப்பார்கள். இரண்டாவது இரக்கத்தின் சுமை. நண்பர்கள் ஷெல்டனை ஓயாமல் பகடி செய்கிறார்கள். இயலாமை உள்ளவர் என்று அறிவித்துவிட்டால் அதே பகடி துன்புறுத்தலாகத் தோன்றும். பெயரில்லாதவரை ‘வேண்டுமென்றே செய்கிறான்’ என்று வைத்துக்கொண்டு சிரிக்கலாம்.

படப்பிடிப்பு முறையும் இதற்கு ஒத்துழைத்தது. தொடர் பார்வையாளர்கள் முன்னிலையில் எடுக்கப்பட்டதால் ஷெல்டனின் ஒவ்வொரு வசனத்தின் பின்னும் சிரிப்பொலி எழுகிறது. அது எதற்கென்று அந்தப் பாத்திரத்துக்குத் தெரியாது. வீட்டில் இருப்பவருக்குத் தெரியும். அறையில் இருக்கும் எல்லோருக்கும் புரிந்த ஒன்று ஒருவருக்கு மட்டும் புரியவில்லை என்ற நிலையை அந்த ஒலி நிமிடத்துக்குப் பலமுறை உறுதிசெய்கிறது.

பத்தாவது பருவத்தில் மூன்று முறை கதவு தட்டும் பழக்கத்துக்கு ஒரு காரணம் சொல்லப்பட்டது. பதின்மூன்று வயதில் வீட்டுக்கு வந்த ஷெல்டன், தந்தையை வேறொரு பெண்ணுடன் காண நேர்ந்தது. அன்று முதல் உள்ளே இருப்பவர் சுதாரித்துக்கொள்ள அவகாசம் தந்தே கதவைத் திறக்கிறார். காட்சி மனத்தைத் தொடுகிறது. ஆனால் ஒன்பது ஆண்டுகள் இயல்பாகக் காட்டப்பட்ட ஒரு பழக்கம் அங்கே பழைய காயத்தின் வடுவாக மாறிவிடுகிறது. ஒரே செயலைத் திரும்பச் செய்வது சிலருக்கு அமைதி தரும் என்ற எளிய செய்தியைத் தொடர் சொல்லாமலே விட்டது.

மறுபக்கமும் உண்டு. ஷெல்டன் நோயாளியாகக் காட்டப்படவில்லை. அவருக்கு வேலை உண்டு, நண்பர்கள் உண்டு. 2018இல் நரம்பியலாளர் ஏமியைத் திருமணம் செய்கிறார். இறுதி அத்தியாயத்தில் இருவரும் நோபல் பரிசு பெறுகிறார்கள். ஏமியாக நடித்த மயீம் பியாலிக் உண்மையிலேயே நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பார்த்து இரங்க வேண்டிய ஒருவராக இல்லாமல், வாரந்தோறும் கூடவே இருக்க விரும்பும் ஒருவராக ஷெல்டன் இருந்தார் என்பது சிறிய சாதனையன்று. ஆட்டிசம் உள்ள பலர் அவரைத் தம்மவராக ஏற்றதற்கும், வேறு பலர் தங்களை ‘ஷெல்டன்’ என்று அழைப்பதைக் கேட்டுச் சலித்ததற்கும் இந்த இரட்டைத்தன்மையே காரணம்.

4. அபெட் நாதிர்

இரண்டாண்டுகள் கழித்து 2009இல் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘கம்யூனிட்டி’ இதே வகைப் பாத்திரத்தை வேறு விதமாகக் கையாண்டது. கல்லூரி மாணவன் அபெட் நாதிர் உலகத்தைத் திரைப்படங்களின் வழியாகவே புரிந்துகொள்கிறான். அந்த வேடத்தில் நடித்த டேனி பூடி, இந்தியத் தந்தைக்கும் போலந்துத் தாய்க்கும் பிறந்தவர். ஆஸ்பெர்கர் என்ற சொல் முதல் அத்தியாயத்தில், ஆத்திரத்தில் வீசப்படும் வசையாக வருகிறது. மருத்துவ முடிவாக அது நிலைபெறுவதில்லை.

இந்தத் தொடரில் சிரிப்பொலி கிடையாது. எதற்குச் சிரிப்பது என்பது பார்ப்பவரிடமே விடப்பட்டது. அதைவிட முக்கியம், கதை அடிக்கடி அபெட்டின் பார்வைக்குள் புகுந்துகொண்டது. மூன்றாவது அத்தியாயத்தில், பேச்சில் சொல்ல முடியாததை அவன் ஒரு குறும்படமாக எடுக்கிறான். தாய் வீட்டைவிட்டுப் போனதற்குத் தானே காரணம் என்று மகன் நினைத்திருப்பதை அந்தப் படத்தில்தான் தந்தை அறிந்து உடைந்துபோகிறார். அபெட்டுக்கு உணர்வு இல்லை என்று அதுவரை நினைத்தவர்கள், தங்களுக்குத்தான் அவன் மொழி தெரியவில்லை என்று கண்டுகொள்கிறார்கள்.

படைப்பாளர் டான் ஹார்மன் இந்தப் பாத்திரத்தைச் சரியாக எழுதுவதற்காக ஆஸ்பெர்கர் பற்றிப் படிக்கத் தொடங்கி, அதில் தன்னையே கண்டதாக 2011இல் கூறினார். எழுதுபவர் பாத்திரத்துக்கு வெளியே நிற்கிறாரா உள்ளே நிற்கிறாரா என்பது நகைச்சுவையின் திசையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு இந்த இரண்டு தொடர்களின் வேறுபாடு போதும்.

5. இந்தியத் திரை

இந்தியத் தொலைக்காட்சியில் இந்தப் பொருளை ஆராய, ஒரே நடிகர் ஒரே காலத்தில் ஏற்ற இரண்டு வேடங்களே போதிய விளக்கம் தருகின்றன. ஸ்டார் ஒன் தொலைக்காட்சியில் 2004 முதல் 2006 வரை வந்த ‘சாராபாய் வர்சஸ் சாராபாய்’ தொடரை ஆதிஷ் கபாடியா எழுதினார்; தேவேன் போஜானி இயக்கினார். போஜானியே அதில் சாராபாய் வீட்டு மருமகன் துஷ்யந்தாகவும் நடித்தார். துஷ்யந்துக்கு இயந்திரங்கள்தான் உலகம். ஒரு பொருள் பழுதாகிவிட்டால் அதன் ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் வேலையையும் விளக்கத் தொடங்கிவிடுவார். வீட்டார் தப்பியோட வழி தேடுவார்கள். அவருக்கு அது தெரியாது. தனிப்பேச்சு என்னும் நான்காவது வழியின் தூய வடிவம் இது.

அந்தத் தொடர் தொடங்கியதற்கு அடுத்த ஆண்டு, 2005இல், அதே எழுத்தாளரின் ‘பா பஹூ அவுர் பேபி’ ஸ்டார் பிளஸ்ஸில் தொடங்கியது. அதில் போஜானி அறிவு வளர்ச்சி குன்றிய கட்டுவாக நடித்தார். கட்டு வெகுளி, வீட்டின் செல்லம், பார்ப்பவர்களின் கண்ணை நனைக்கும் காட்சிகள் அவருக்கே உரியவை. துஷ்யந்துக்குப் பெயர் வைக்கப்படவில்லை. அவரைப் பார்த்துத் தடையின்றிச் சிரிக்கலாம். கட்டுவின் நிலை அறிவிக்கப்பட்டது. அவரைப் பார்த்துச் சிரித்தாலும் அந்தச் சிரிப்பு சீக்கிரமே இரக்கத்தில் முடிய வேண்டும். கட்டுவின் நிலை ஆட்டிசமன்று. ஆனாலும் பெயரிட்டால் கண்ணீர், பெயரிடாவிட்டால் சிரிப்பு என்ற இந்தியத் திரையின் எழுதப்படாத விதி இந்த இரண்டு வேடங்களுக்கு இடையில் துலக்கமாகத் தெரிகிறது.

மற்ற எடுத்துக்காட்டுகளும் இந்த விதிக்குப் பெரும்பாலும் அடங்குகின்றன. ஜீ டிவியில் 2009இல் வந்த ‘ஆப் கி அந்தரா’ ஆட்டிசம் உள்ள சிறுமி அந்தராவை நடுவில் வைத்தது. ஆட்டிசம் என்ற சொல்லைப் பல வீடுகளுக்கு எடுத்துச்சென்ற அந்தத் தொடர் முழுக்கக் குடும்ப உருக்கம். தமிழில், தொலைக்காட்சி வழியாகவே வீடுகளை எட்டும் திரைப்படங்களிலும் இதே பிளவு காணப்படுகிறது. ஜி.என்.ஆர். குமாரவேலனின் ‘ஹரிதாஸ்’ (2013) ஆட்டிசம் உள்ள மகனை ஓட்டக்காரனாக்கும் காவல்துறைத் தந்தையின் கதை. பெயர் சொல்லப்பட்டது, கண்ணீரும் வந்தது. நெல்சன் திலீப்குமாரின் ‘டாக்டர்’ (2021) படத்தில் சிவகார்த்திகேயன் ஏற்ற வருண், முகத்தில் அசைவில்லாத, விதி பிசகாத ராணுவ மருத்துவர். உணர்ச்சி காட்டாதவர் என்பதாலேயே அவர் திருமணப் பேச்சு முறிகிறது. அவருக்கு எந்தப் பெயரும் வைக்கப்படவில்லை, திரையரங்கு சிரித்தது. அந்தச் சிரிப்பின் திசை மட்டும் கவனிக்கத்தக்கது. வருண் அமைதியாக இருக்க, சுற்றியிருப்பவர்கள் பதறுவதுதான் படத்தின் நகைச்சுவை.

பின்னாளில் பெயர் பெற்ற பாத்திரங்களும் உண்டு. கே. விஸ்வநாத்தின் ‘சுவாதி முத்யம்’ தமிழில் ‘சிப்பிக்குள் முத்து’ என்று வந்தது. அதில் கமல்ஹாசன் ஏற்ற சிவய்யா வெறும் வெகுளி என்றே அக்காலத்தில் அறியப்பட்டார். ஆட்டிசம் என்ற சொல் பரவிய பிறகே அவரை அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்து எழுதத் தொடங்கினார்கள்.

விதியை மீறிய படம் கொல்கத்தாவுக்கு நெருக்கமானது. அனுராக் பாசுவின் ‘பர்ஃபி!’ (2012) டார்ஜிலிங்கிலும் கொல்கத்தாவிலும் நிகழ்கிறது. பிரியங்கா சோப்ரா ஏற்ற ஜில்மிலுக்கு ஆட்டிசம் உண்டு என்பது மறைக்கப்படவில்லை. ஆயினும் மௌனப்படக் காலத்து உடல்மொழி நகைச்சுவைக்குள் அவளும் நாயகன் பர்ஃபியும் சமபங்காளிகளாக இருக்கிறார்கள். வாய்பேசாத ஒருவனும் குறைவாகப் பேசும் ஒருத்தியும் சேர்ந்ததால், சொல்லை நம்பாத நகைச்சுவை ஒன்று தேவைப்பட்டது. அந்தத் தேவையே படத்தைக் காப்பாற்றியது.

6. திரையில் இடம் பெறாதவர்கள்

தொடர் நகைச்சுவை பேச்சை நம்பி நிற்பது. ஆகவே அது நிறமாலையிலிருந்து சரளமாகப் பேசுபவரை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. வாய்பேசாதவர், நாள்தோறும் துணை வேண்டுபவர், இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்துவிடுபவர் ஆகியோர் அதில் வருவதில்லை. பெண்கள் குறைவு, முதியவர்கள் அதைவிடக் குறைவு. ஏழைகள் ஏறக்குறைய இல்லை. மேதைகளோ ஏராளம். இதற்கு வித்திட்டது நகைச்சுவைத் தொடரன்று. 1988இல் வெளியான ‘ரெயின் மேன்’ திரைப்படம். டஸ்டின் ஹாஃப்மன் அதில் ஏற்ற மேதைப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த, வியத்தகு நினைவாற்றல் கொண்ட கிம் பீக்குக்கு ஆட்டிசம் இல்லை என்று பின்னர் மருத்துவர்கள் கருதினார்கள்.

நார்வே, பிரிட்டன் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, திரைப்படங்களிலும் தொடர்களிலும் வரும் ஆட்டிசப் பாத்திரங்களை மருத்துவக் கையேட்டின் அளவுகோல்களோடு ஒப்பிட்டது. பாத்திரங்கள் கையேட்டோடு மிக நன்றாகப் பொருந்தின. அந்தப் பொருத்தமே சிக்கலையும் காட்டுகிறது. உண்மை மனிதரிடம் சில கூறுகள் ஓங்கியும் சில மங்கியும் இருக்கும். திரைமனிதரோ பட்டியலைப் பார்த்துச் செய்யப்பட்டவர். அவரிடம் எல்லாமே ஒருசேர இருக்கும்.

இந்தப் பொறுக்கியெடுப்பின் விளைவு வேலைவாய்ப்பில் தெரிகிறது. சால்ட் லேக்கின் செக்டார் ஃபைவ் போன்ற தகவல்தொழில்நுட்ப வளாகங்களில் கணினிக்கு முன் அமைதியாக அமர்ந்திருக்கும் மேதை என்ற உருவம் எளிதில் விலைபோகிறது. எஸ்ஏபி நிறுவனம் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் திட்டத்தை 2013இல் உலகளவில் அறிவித்தது. அதன் பெங்களூரு ஆய்வுக்கூடமும் தொடக்கத்திலேயே அதில் பங்கேற்றது. இத்தகைய முயற்சிகள் பயனுள்ளவை. ஆனால் நிரல் எழுதத் தெரியாத, கணக்கில் சராசரியான ஓர் இளைஞர் எழுத்தர் வேலைக்கோ கடை வேலைக்கோ போகும்போது ஷெல்டனின் நிழல் அவருக்கு எதிராகவே வேலை செய்கிறது. மேதையாக இருந்தால் விசித்திரத்தைப் பொறுத்துக்கொள்வோம் என்பதே தொடர் மறைமுகமாகச் சொல்லித்தந்த பேரம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியில் ஒதுக்கும் 4 விழுக்காட்டில், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைத்துக்கும் சேர்த்து 1 விழுக்காடு இருக்கிறது. அந்த இடங்களுக்கு மேதைமை தகுதியன்று.

7. தவறு யார் பக்கம்

ஆட்டிசம் உள்ளவர் பிறரைப் புரிந்துகொள்வதில்லை என்பது பல பத்தாண்டுகள் ஆய்வுலகில் ஓங்கியிருந்த கருத்து. நகைச்சுவைத் தொடர்களும் அதன்மீதே கட்டப்பட்டன. ஆட்டிசம் உள்ள பிரிட்டன் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் இந்தக் கருத்தை மறுத்து ‘இருவழிப் புரிதல் சிக்கல்’ என்னும் கோட்பாட்டை முன்வைத்தார். இரண்டு விதமாக உலகை உணரும் இருவர் சந்திக்கும்போது புரியாமை இருபுறமும் உண்டாகிறது. ஆனால் பெரும்பான்மையினரின் புரியாமை குறையாகக் கணக்கிடப்படுவதில்லை என்பது அவர் வாதம். கேத்தரின் கிராம்ப்டனும் உடனாய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட சோதனை அதற்கு வலுச் சேர்த்தது. ஒரு செய்தி ஆள்மாற்றி ஆளாகக் கடத்தப்பட்டது. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும் அது இல்லாதவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும் செய்தி ஒரே அளவில் தங்கியது. இருவரும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது.

நகைச்சுவை எழுதுபவருக்கு இது நேரடியாகப் பயன்படும் கோட்பாடு. ‘சாப்பிட்டாயா?’ என்று வழியில் கேட்பவர் விடையை எதிர்பார்ப்பதில்லை. பதில் கேட்காத கேள்வியை ஏன் கேட்கிறோம் என்பது நேர்ப்பொருள் காண்பவருக்கு உண்மையான புதிர். அந்தக் காட்சியை அவரது விடையில் முடித்தால் சிரிப்பு அவர்மேல் விழும். கேட்டவரின் திகைப்பில் முடித்தால் நம் உபசார வழக்கத்தின்மேல் விழும். வசனம் ஒன்றே, காட்சி எங்கே நிற்கிறது என்பதே வேறுபாடு. ‘டாக்டர்’ படமும் ‘கம்யூனிட்டி’யின் சிறந்த அத்தியாயங்களும் இரண்டாவது வழியில் செல்கின்றன.

8. பெயரும் சிரிப்பும் ஒன்றாக

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நகைச்சுவை உணர்வே இல்லை என்ற எண்ணம் மேடைக் கலைஞர்களால் உடைந்தது. ஆஸ்திரேலியாவின் ஹன்னா காட்ஸ்பி 2020இல் வெளியான ‘டக்ளஸ்’ நிகழ்ச்சியில் தமக்கு ஆட்டிசம் கண்டறியப்பட்டதையே சிரிப்புக்குப் பொருளாக்கினார். ஸ்காட்லாந்தின் ஃபெர்ன் பிரேடியும் அந்த வழியில் வந்தவர்.

தொடர்களும் மெல்ல மாறின. நெட்ஃபிளிக்ஸின் ‘ஏடிப்பிகல்’ (2017–2021) ஆட்டிசம் இல்லாத நடிகரை முதன்மை வேடத்தில் வைத்ததற்காக விமர்சிக்கப்பட்டது; அடுத்த பருவத்தில் ஆட்டிசம் உள்ள நடிகர்களைச் சேர்த்தது. 2020இல் வந்த ‘எவ்ரிதிங்ஸ் கோனா பி ஓகே’ தொடரில் ஆட்டிசம் உள்ள கேய்லா குரோமர் ஆட்டிசம் உள்ள பெண்ணாகவே நடித்தார். அமேசானின் ‘ஆஸ் வீ சீ இட்’ (2022) ஒரே வீட்டில் வாழும் மூவரின் கதை. மூன்று வேடங்களையும் ஆட்டிசம் உள்ளவர்களே ஏற்றார்கள். 2024இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ‘டைனோசர்’ தொடரில், ஆட்டிசம் உள்ள ஆஷ்லி ஸ்டோரி தொல்லுயிர் ஆய்வாளராக நடித்தார். பெயர் சொல்லப்பட்ட பின்னும் சிரிக்கலாம் என்பதை இவை நிறுவின. ஒரே தொடரில் ஆட்டிசம் உள்ளவர் பலர் இருந்தால், எவரும் நிறமாலை முழுவதற்கும் பிரதிநிதியாக நிற்க வேண்டியதில்லை என்பது ‘ஆஸ் வீ சீ இட்’ தரும் பாடம்.

இந்தியாவில் இதற்கு நிகரான முயற்சி திரைப்படமாக வந்தது. தமிழ்ப்பட இயக்குநர் ஆர்.எஸ். பிரசன்னா இந்தியில் இயக்கிய ‘சிதாரே ஜமீன் பர்’, ஸ்பெயினின் ‘கம்பியோனெஸ்’ படத்தின் தழுவலாக 2025 ஜூனில் வெளியானது. கூடைப்பந்து அணியின் பத்து வேடங்களிலும் அறிவு வளர்ச்சியிலும் நரம்பியலிலும் வேறுபாடு உள்ளவர்களே நடித்தார்கள். சிரிப்புக்கு இலக்காவது ஆமிர் கான் ஏற்ற பயிற்சியாளர்தான்.

9. சட்டமும் பயிற்சியும்

இந்தியச் சட்டம் ஆட்டிசத்தைத் தாமதமாகவே ஏற்றது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அது இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றாயிற்று. பொதுப்பார்வை படும் இடத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்துடன் அவமதித்தால், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு.

நகைச்சுவையைப் பற்றி நேரடியாகப் பேசிய தீர்ப்பு 2024 ஜூலை 8 அன்று வந்தது. ‘ஆங்க் மிச்சோலி’ என்ற இந்தி நகைச்சுவைப் படம் மாற்றுத்திறனாளிகளை இழிவாகக் காட்டுகிறது என்று நிபுன் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில், அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு படத்தில் தலையிட மறுத்தது. ஆனால் காட்சி ஊடகங்களுக்கான நெறிகளை வகுத்தது. இயலாமையைப் பற்றிய புரிதலை விரிவாக்கும் நகைச்சுவை வேறு, இயலாமை உள்ளவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று அது பிரித்துக் காட்டியது. அவர்களைக் கட்டுக்கதைகளின் அடிப்படையில் கேலிப்பொருளாக்குவதையும், அதற்கு நேரெதிராக வியத்தகு ஆற்றல் படைத்தவர்களாக உயர்த்துவதையும் ஒருசேரக் குறை கூறியது. மருத்துவ நிலைகளை இயன்றவரை துல்லியமாகக் காட்ட வேண்டும், படைப்பில் அவர்களையே ஈடுபடுத்த வேண்டும், எழுத்தாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் நடிகர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்பவை பிற நெறிகள். ஷெல்டனின் மேதைமையும் கட்டுவின் வெகுளித்தனமும் இந்த நெறிகளால் ஒருங்கே கேள்விக்குள்ளாகின்றன.

பெயரிடாத பாத்திரம் இந்த நெறிகளிலிருந்து நழுவப் பார்க்கும். மருத்துவ நிலையே அறிவிக்கப்படாதபோது துல்லியத்தை எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வி எழும். சட்டம் எட்டாத இந்த இடத்தை எழுத்துப் பயிற்சிதான் எட்ட முடியும். திரைப்படத்தையும் சமூகத் தொடர்பியலையும் சேர்த்துக் கற்பிக்கும் மேற்கு வங்க அரசின் ரூப்கலா கேந்திரா சால்ட் லேக்கிலேயே இருக்கிறது. நீதிமன்றம் கோரிய பயிற்சி பாடத்திட்டமாக வளர இத்தகைய நிறுவனங்களே ஏற்ற களம்.

10. மதிப்பிடும் முறை

இதுவரை கண்டவற்றிலிருந்து ஒரு தொடரை எடைபோட ஐந்து கேள்விகள் திரள்கின்றன. காட்சி யாருடைய திகைப்பில் முடிகிறது? பாத்திரத்தின் வழக்கங்களுக்கு அதன் உள்ளிருந்து ஒரு காரணம் தரப்படுகிறதா, அல்லது அவை வேடிக்கைக்கு மட்டுமா? மேதைமையை எடுத்துவிட்டால் மற்றவர்கள் அவரோடு பழகுவார்களா? அவரே வேண்டுமென்று சிரிப்பு மூட்டும் காட்சி ஒன்றாவது உண்டா? எழுதும் மேசையிலோ நடிப்பிலோ ஆட்டிசம் உள்ளவர் இருக்கிறாரா?

ஷெல்டன் முதல் கேள்வியிலும் மூன்றாவதிலும் தடுமாறுகிறார். அபெட் முதல் இரண்டிலும் தேறுகிறான். படைப்பாளரே தன்னை அவனில் கண்டதால் ஐந்தாவதிலும் பாதி தேறுகிறான். துஷ்யந்துக்கு உள்ளிருந்து காரணம் ஏதும் இல்லை. ஆனால் சாராபாய் வீட்டில் எல்லோருமே ஏதோ ஒரு விதத்தில் விசித்திரமானவர்கள் என்பதால், அவர் மட்டும் தனித்து விலக்கப்படுவதில்லை. முதல் கேள்வியின் கடுமை அங்கே தணிகிறது. கட்டுவும் அந்தராவும் இந்தக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறார்கள், ஏனென்றால் அவர்களிடம் சிரிப்பைவிடக் கண்ணீரே எதிர்பார்க்கப்பட்டது.

பெயரிடுவதா வேண்டாமா என்பது ஐந்தில் ஒரு கேள்வியாகவும் இடம்பெறவில்லை. பெயர் சொல்லாமலே நியாயமாக எழுதலாம் என்பதற்கு அபெட் சான்று. பெயர் சொல்லியும் சிரிக்க வைக்கலாம் என்பதற்கு 2020 முதல் வந்த தொடர்கள் சான்று. இந்தியத் தொலைக்காட்சியில் இந்த இரண்டு வழிகளும் இன்னும் அரிதாகவே இருக்கின்றன. வாரந்தோறும் வீட்டுக்கு வரும் ஓர் இந்திய நகைச்சுவைத் தொடரில், ஆட்டிசம் உள்ளவர் என்று அறியப்பட்ட ஒருவர் மேதையாகவும் இல்லாமல் இரக்கத்துக்கும் ஆளாகாமல், மற்றவர்களைப்போலவே தப்பும் தவறும் குறும்பும் செய்பவராக வரும்போது, கண்ணீருக்கும் சிரிப்புக்கும் இடையே போடப்பட்ட அந்தப் பழைய கோடு அழியும்.